புகை போக்காத புகைபோக்கிகள்

பெயரிலேயே தன் வேலையைச் சொல்லிவிடுகிற சாமான்கள் சில உண்டு. தேங்காய்த் துருவி, எலிப்பொறி, முறுக்கு அச்சு. எலியைப் பிடிக்காத எலிப்பொறியை அழகுக்காகக் கூடத்தில் யாரும் மாட்டி வைப்பதில்லை. துருவாத துருவியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொள்கிறோம். புகையைப் போக்காத புகைபோக்கிக்கு மட்டும் நம் வீடுகளில் ராஜ மரியாதை நடக்கிறது!

அம்பத்தூரிலிருந்து திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் வரையிலும், இந்தப் பக்கம் போரூரைத் தாண்டிப் பூந்தமல்லி, திருமழிசை வரையிலும் வரிசை வரிசையாக அடுக்கு வீடுகள் எழும்பியிருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒரு வீட்டுக் கிருஹப்பிரவேசத்துக்குப் போய்ப் பாருங்கள். சுவாமி அறையைக் காட்டுவதற்கு முன்னால் சமையலறையைக் காட்டுகிறார்கள். அங்கே அடுப்புக்கு மேலே, கறுப்புக் கண்ணாடி பளபளக்க, நெற்றியில் நீல விளக்கு மின்ன ஒரு பெட்டி வீற்றிருக்கும். வீட்டுக்காரர் அதன் எதிரே நின்று கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். தொடாமலே அது உறுமத் தொடங்கும். வந்தவர்கள் எல்லாரும் “அடேயப்பா!” என்பார்கள். பெட்டியைத் திறந்து, அதன் பின்னால் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைக்காரர்கள் அதற்குச் ‘சிம்னி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புகை ஏறிப் போகிற குழாய்க்குத்தான் சிம்னி என்று பெயர். இந்தப் பெட்டிகள் பலவற்றில் அந்தக் குழாயைத் தவிர மற்ற எல்லாம் இருக்கின்றன. சில வீடுகளில், கட்டியவர் சுவரில் ஓட்டை விடவில்லை. அதனால் பெட்டி காற்றை இழுத்து, கரித்தூள் அடைத்த ஒரு தட்டு வழியாகச் செலுத்தி, மறுபடியும் அதே அறைக்குள் விடுகிறது. எண்ணெய்ப் பசையில் கொஞ்சமும் வாடையில் கொஞ்சமும் அந்தத் தட்டில் தங்கலாம். சூடும் ஈரமும் எரிவாயு எரிவதால் வரும் விஷ வாயுக்களும் சுற்றிச் சுற்றி அந்த அம்மாளின் முகத்துக்கே வந்து சேருகின்றன. இன்னும் சில வீடுகளில் குழாய் உண்டு. ஆனால் அது கழிவுக் குழாய்கள் இறங்குவதற்காகக் கட்டடத்தின் நடுவில் விட்டிருக்கும் கிணறு போன்ற சந்துக்குள் போய் முடிகிறது. இரண்டாம் மாடியில் வறுத்த மிளகாயின் நெடி மூன்றாம் மாடிக் குளியலறை ஜன்னல் வழியாக ஏறிப் போய், அங்கே பல் தேய்த்துக்கொண்டிருக்கிற பெரியவரை இரும வைக்கிறது. அவர் ‘யார் வீட்டிலோ என்னவோ காந்துகிறது’ என்று ஜன்னலைச் சாத்துகிறார். அதுதான் இந்த ஊர்களில் புகைபோக்கும் சாஸ்திரம்.

புதுமையான வடிவங்களுக்கு நான் விரோதி அல்ல. இன்று அந்தக் கலையில் எவ்வளவோ விந்தைகள் நடக்கின்றன. இத்தாலியில் ஃபாப்ரியானோ என்றொரு சிறிய ஊர். பல நூற்றாண்டுகளாகக் காகிதம் செய்து பேர் வாங்கிய ஊர் அது. உலகத்துப் பணக்காரச் சமையலறைகளுக்குப் புகைக்கூண்டு செய்து அனுப்புகிற பெரிய கம்பெனிகள் இப்போது அங்கே இருக்கின்றன. சரவிளக்கு மாதிரி உத்தரத்திலிருந்து தொங்கும் கூண்டு, சுவரில் மாட்டிய சித்திரச் சட்டம் மாதிரிச் சாய்ந்து நிற்கும் கூண்டு, மேடைக்குள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் எழுந்து நிற்கும் கூண்டு என்று பல ரகம். ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்காரர் கூண்டே வேண்டாம் என்று சொல்லி, அடுப்பின் நடுவிலேயே ஒரு வாயை வைத்துப் புகையைக் கீழ்நோக்கி இழுக்கிறார். மேலே போக ஆசைப்படும் புகையைக் கீழே இழுப்பது முரட்டுக் காளையைப் பின்னால் நடக்க வைக்கிற மாதிரி. செய்யலாம், ஆனால் இழுப்பவனுக்கு அசாத்திய பலம் வேண்டும். தோசைக்கல்லில் ஆவி பறக்கிற உயரத்தில், அண்டாவில் சாம்பார் கொதிக்கிற உயரத்தில் அந்த வாய் என்ன செய்யும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அழகு இருக்கட்டும். வேலை நடக்கிறதா என்பதுதான் என் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை, ஒரு மெழுகுவர்த்தி போதும். ஏற்றி வைத்து ஒரு முழத் தூரத்திலிருந்து ஊதுங்கள், அணைந்துவிடும். இப்போது அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளே இழுத்து அணைக்கப் பாருங்கள். மார்பு வெடிக்க இழுத்தாலும் சுடர் அசையாது. வெளியே தள்ளுகிற காற்று ஒரு கோடாக வெகுதூரம் போகும். உள்ளே இழுக்கிற காற்றோ நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேருவது. வட்டமான ஒரு குழாய் வாயிலிருந்து, அந்த வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுப்பின் வேகம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அரை அடி விட்டமுள்ள வாய், இரண்டடி கீழே இருக்கிற வாணலியின் புகையை எட்டிப் பிடித்து இழுக்கும் என்று நம்புவது, கொடியில் காய்கிற வேட்டியைக் கண்ணால் பார்த்தே மடித்துவிடலாம் என்று நம்புவதற்குச் சமானம்.

அப்படியானால் புகைக்கூண்டு எப்படித்தான் வேலை செய்கிறது? சூடான புகை தானே மேலே எழுகிறது. எழுகிற புகையை ஒதுங்க விடாமல், கவிழ்த்து வைத்த பாத்திரம் போலப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு குழிவு வேண்டும். பிடித்து வைத்ததை மெதுவாக வெளியே அனுப்ப ஒரு விசிறி வேண்டும். குழிவுதான் பிரதானம், விசிறி அதற்குத் துணை. இப்போது கடையில் நிற்கிற சாய்வுக் கண்ணாடியைப் பாருங்கள். குழிவு எங்கே? தலையில் இடிக்காது, பார்க்க நவீனமாக இருக்கும் என்று குழிவைத் தட்டையாக்கிவிட்டார்கள். வாணலியிலிருந்து எழுகிற புகை அந்தக் கண்ணாடியில் மோதி, சறுக்கு மரத்தில் குழந்தை ஏறுகிற மாதிரி மேலே ஏறிக் கூரைக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலைக்காரர்கள் அந்த நாட்டுக் கூண்டுகளைச் சோதித்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எழுந்த புகையில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் பிடித்த கூண்டும் இருந்தது. 15 பங்குகூடப் பிடிக்காத கூண்டும் இருந்தது. அதிலும் பின்பக்கத்து அடுப்புப் புகையை நன்றாகப் பிடித்தவை முன்பக்கத்து அடுப்புக்கு வந்ததும் தடுமாறின. கூண்டு அடுப்பு முழுவதையும் மூடி நிற்கவில்லை என்பது ஒரு முக்கியமான காரணம். முகப்பழகுக்காகக் கூண்டைச் சிறிதாக்குவதும், கால் அடி பின்னால் தள்ளுவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

கடைக்காரரிடம் இதைச் சொன்னால், அவர் எண்ணைக் காட்டுவார். “சார், இது மணிக்கு 1,200 கன மீட்டர் இழுக்கும்!” அந்த எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று ஒரு சமையலறையை வைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் காற்று சுமார் 23 கன மீட்டர். 1,200-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 50 தடவைக்கு மேல், அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு தடவை, அந்த அறையின் காற்று முழுவதும் வெளியே போக வேண்டும். வெளியே போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? கூடத்தில் குளிர்சாதனம் ஓடுகிறது, கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தியிருக்கிறது, முன்கதவும் சாத்தியிருக்கிறது. அடைத்த புட்டியிலிருந்து எவ்வளவு நேரம்தான் உறிஞ்ச முடியும்? போதாக்குறைக்கு, குழாயை அலமாரிக்குப் பின்னால் மறைக்க வேண்டுமென்று மூன்று இடத்தில் வளைக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் இழுப்புக் குறைகிறது. கடைசியில் மிஞ்சுவது உறுமல் மட்டும். அந்த உறுமலில் வீட்டுக்குள் பேசுவது கேட்காது. ஆகவே தாளிக்கும்போது அணைத்துவிட்டு, விருந்தாளி வரும்போது போடுகிறார்கள்!

இதற்குள் யாராவது ஒருவர் எழுந்து, “எங்கள் பாட்டி எந்தச் சிம்னியைக் கண்டாள்? விறகடுப்பில் சமைத்துத் தொண்ணூறு வயது வாழ்ந்தாளே” என்று சொல்லுவார். இந்தப் பாட்டியை நான் பல சர்ச்சைகளில் சந்தித்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் அவளைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டி சாட்சி சொல்ல வருகிறாள். நாற்பதில் இழுப்பு வந்து, ஐம்பதில் கண் மங்கி, ஐம்பத்தைந்தில் போய்ச் சேர்ந்த அவளுடைய தங்கைகள் வருவதில்லையே!

எழுத்தாளர் கூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. நம் கதைகளில் எத்தனை கதாநாயகிகள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், “கண்ணில் என்னம்மா?” என்று கேட்டால் “புகை” என்று சொல்லியிருக்கிறார்கள்! துயரத்தை மறைக்கப் புகை சௌகரியமான திரை. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் துயரமே இல்லாத நாட்களிலும் அதே புகைதான், அதே கண்ணீர்தான் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாட்டி வீட்டைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் சிம்னி இல்லை என்பது முழு உண்மையல்ல. பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் அடுப்புக்கு நேர் மேலே கூரையைச் சற்று உயர்த்தி, பக்கங்களில் இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கூண்டு வைத்திருப்பார்கள். கூரை முழுவதுமே சரிந்து ஏறி அந்தக் கூண்டில் போய் முடியும். அந்த வீட்டுச் சமையலறையே ஒரு புகைக்கூண்டு. அதற்குள்தான் மனிதர்கள் நடமாடினார்கள். போர்த்துகல் தேசத்தில் சிந்த்ரா என்ற ஊரில் ஒரு பழைய அரண்மனை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பிரம்மாண்டமான வெள்ளைப் புனல்களைக் கவிழ்த்து வைத்த மாதிரித் தெரியும். உயரம் 33 மீட்டர். கோபுரமோ என்று நினைத்தால், அவை சமையலறையின் கூரைகள்! அதே தேசத்தில் அல்கோபாசா மடத்துச் சமையலறையின் நடுவே, இரும்புத் தூண்களின்மேல் நிற்கிற, பளிங்கு போன்ற ஓடு பதித்த ஒரு புகைக்கூண்டு இருக்கிறது. 18-ம் நூற்றாண்டில் கட்டியது. வினோத வடிவம் வேண்டுமென்றால் இவற்றைவிட வினோதம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த வடிவத்தைத் தீர்மானித்தது புகை. புகை எப்படி ஏறுகிறதோ அப்படிக் கட்டினார்கள். கட்டிய பிறகு அது அழகாகவும் இருந்தது. நம் கூண்டையோ, சிமெண்டுத் தளம் போட்ட அன்றைக்கே மூடிவிட்டோம். தளம் வந்தது, மேலே இன்னொரு குடித்தனம் வந்தது, கூண்டு போயிற்று. அதன் இடத்தில் வேறொன்றை யோசித்து வைக்க யாருக்கும் நேரமில்லை.

இதெல்லாம் வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். பூந்தமல்லிச் சாலையில் போரூரில் இருக்கிற ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் புகையை அளந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். விறகு, வறட்டி போன்றவற்றை எரித்துச் சமைத்தவர்கள் நாள் முழுவதும் சுவாசித்த காற்றில் நுண்துகள் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம். எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருள் வைத்திருந்த வீடுகளில் அது 82. இந்த விவரம் கிடைத்தது ஏதோ வெளிதேசத்தில் அல்ல. நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்.

“எங்கள் வீட்டில் இப்போது கேஸ்தானே?” என்பீர்கள். சரிதான். எண்ணெயை நன்றாகக் காய வைத்துப் பொரிக்கும்போது எழுகிற புகையை, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பெரும்பாலும் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு சேர்த்திருக்கிறது. அந்தத் தொகுதி 2010-ல் வெளிவந்தது. வீட்டில் விறகு எரிக்கிற புகையும் அதே வரிசையில்தான் இருக்கிறது. அப்பளமும் வடையும் பஜ்ஜியும் பொரிக்கிற நாம், கேஸ் வந்துவிட்டது என்பதோடு நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

புகைக்கு ஒரு வழி வைத்தால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற பிரதேசம். அங்கே வீட்டுக்குள் குழி தோண்டி, அதில் புகை மண்டும் நிலக்கரியை எரித்துச் சமைத்து வந்தார்கள். பீடி சிகரெட்டைத் தொட்டறியாத பெண்களுக்கு அங்கே நுரையீரல் புற்றுநோய் அசாத்தியமாக வந்தது. பிறகு பல குடும்பங்கள் அடுப்புக்குப் புகைக்குழாய் வைத்துக்கொண்டன. 21,000-க்கு மேற்பட்ட குடியானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி சொல்லுகிறது: குழாய் வைத்த வீடுகளில் அந்த வியாதியின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கவனியுங்கள், நிலக்கரி மாறவில்லை. ஒரு குழாய்தான் வந்தது. அதில் நீல விளக்கு கிடையாது.

நம்மிடம் மூளை இல்லையா? தாராளமாக இருந்தது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா தலைமையேற்று நடத்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் மகன்வாடியில் இருந்தது. புகையில்லாத ‘மகன் சூலா’ அங்கே உருவானது. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியாளர், மண்ணால் செய்த மூடிய அடுப்பும் அதற்கு ஒரு புகைக்குழாயும் வடிவமைத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் 1953-ல் சென்னையில்தான், கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. புகை, கரி, சூடு, விரயம், தீ அபாயம் ஆகிய ஐந்திலிருந்தும் பெண்களுக்கு விடுதலை வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1955-ல். அந்தத் தீர்மானத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்திருக்கிறோம். ராஜுவின் அடுப்பு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

பிறகு சர்க்காரும் முயன்றது. 1980-களில் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் மூன்று கோடிக்கு மேல் புகையில்லா அடுப்புகள் நாடெங்கும் போடப்பட்டன. 2002-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். ஏன் இப்படிப்பட்ட அடுப்புகள் தோற்கின்றன என்பதை, 2012-ல் ஒரிஸா கிராமங்களைப் பற்றி வெளிவந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. புது அடுப்பு வந்த முதல் வருஷம் பெண்களின் உடம்பில் சேர்ந்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுப்பு விரிசல் விட்டது, குழாய் அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்ய ஆளில்லை, மெல்ல மெல்லப் பழைய அடுப்புக்கே போய்விட்டார்கள். வேலையைக் குறைக்க வந்த சாமான் வேலையைக் கூட்டினால் எந்தப் பெண் அதைத் தொடுவாள்? நம் கண்ணாடிப் பெட்டிக்கும் இதே கதிதான். அதற்குள் இருக்கும் தகடு, வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய்ப் பிசுக்கை ஏந்தி நிற்கிறது. அதைக் கழற்றுவதற்கு முக்காலி போட்டு ஏறி, நாலு விரல் சந்துக்குள் கைவிட வேண்டும். ‘தானே சுத்தம் செய்துகொள்ளும்’ என்று ஒரு ரகம் விற்கிறார்கள். சூட்டில் உருகிய எண்ணெய் ஒரு கிண்ணத்தில் வடிகிறது. கிண்ணத்தை யார் கழுவுவது? அதுவும் தானே கழுவிக்கொள்ளுமா?

நான் பார்த்தவற்றுள் மிகவும் வினோதமான புகைக்கூண்டு, ஆவடியில் ஒரு தனி வீட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் 1961-ல் அங்கே ஏற்பட்ட டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராகப் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூச்சிழுப்பு. கடைக்குப் போய்ப் பார்த்தாராம். எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டார்களாம். திரும்பி வந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வளைக்கிற பட்டறையில் பழக்கமான ஒரு ஆளைப் பிடித்தார். அந்தப் பட்டறை ஹோட்டல்களுக்குக் கூண்டு செய்கிற பட்டறை. அந்த ஆள் கலரைக் கேட்கவில்லை, “எத்தனை அடுப்பு, வெளிச்சுவர் எந்தப் பக்கம், காத்து எங்கிருந்து அடிக்குது?” என்று கேட்டாராம். இருவருமாகச் சேர்ந்து செய்திருக்கிறார்கள்.

பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன். கவிழ்த்து வைத்த பெரிய அண்டாவைச் சதுரமாக்கினது போல் இருக்கிறது. ஒன்றரை அடி ஆழம் குழிவு. அடுப்பைவிட இரண்டு பக்கமும் அரை அடி அகலம். இரு பக்கத்திலும் தகட்டை மேடை வரைக்கும் இறக்கிவிட்டிருக்கிறார். ஜன்னல் காற்று அடித்தாலும் புகை பக்கவாட்டில் கலையாது. முன்பக்கம் கீல் வைத்த ஒரு பலகைத் தகடு, மாட்டு வண்டியின் பின்தட்டி மாதிரி. இட்லி வைக்கிற நேரத்தில் அது மேலே மடித்திருக்கும். மிளகாய் வறுக்க வேண்டுமென்றால் முக்கால் அடி கீழே இறக்கிவிடலாம். குழாய் ஒரே நேராகச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. விசிறியை உள்ளே வைக்காமல் வெளிச்சுவரில், மழைச் சாரல் படாமல் ஒரு மூடிக்குள் வைத்துவிட்டார். சத்தமெல்லாம் தெருவுக்கு, வீட்டுக்குள் ஒரு முணுமுணுப்பு. எண்ணெயைப் பிடிக்கிற தகடு இரண்டே துண்டு. முக்காலி இல்லாமல், நின்ற இடத்திலேயே இழுத்துச் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் போட்டுவிடலாம். எல்லாம் சேர்த்து, கடைப் பெட்டியின் விலையில் பாதிகூட ஆகவில்லை என்றார்.

“டாங்கிக்குள்ளே புகை வந்தா ஓட்டறவன் செத்துப் போவான், தம்பி. அதுக்கு வழி பண்ணாம வண்டியை வெளியிலே விட மாட்டாங்க. சமையல்கட்டுலே நிக்கிறதும் ஆள்தானே?” என்றார் அவர்.

அந்த அம்மாள் வேறொன்று சொன்னார். “முன்னெல்லாம் மிளகா வறுத்தா முந்தானையாலே மூக்கைக் கட்டிக்குவேன் தம்பி. இவரு கூடத்துலேருந்தே இருமுவாரு. இப்போ நான் வறுத்தேனா இல்லையான்னே இவருக்குத் தெரியறதில்லே. ‘இன்னிக்கு என்ன சமையல்’னு வந்து கேக்கறாரு.”

அம்பத்தூரில் இப்படிப் பட்டறைகள் நிறைந்த ஒரு எஸ்டேட் 1964-லிருந்து இருக்கிறது. சைக்கிள் செய்தோம், மோட்டார் உதிரிப்பாகம் செய்தோம், பக்கத்து ஊரில் டாங்கியே செய்தோம். தகட்டைக் குழிவாக வளைத்து ஒரு குழாயைப் பொருத்துவது நம்மால் ஆகாத காரியமா? ஃபாப்ரியானோவில் செய்த கூண்டு, ஆலிவ் எண்ணெயில் மீன் வதக்குகிற வீட்டுக்காகச் செய்தது. கடுகு வெடிக்கிற, காய்ந்த மிளகாய் கருகுகிற, ஒரே நாளில் மூன்று வேளை அடுப்பெரிகிற வீட்டுக்குக் கூண்டு நாம்தான் செய்துகொள்ள வேண்டும். செய்கிற கைகள் இருக்கின்றன. கேட்கிற வாய்தான் இல்லை. கேட்டால், “நம் வீட்டு மாடுலர் கிச்சனில் அண்டாவையா மாட்டுவது?” என்று கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது.

இந்தக் கௌரவத்தின் உச்சத்தை ஒரு பெரிய அடுக்கு மாளிகையில் கண்டேன். கண்ணாடிக் கூண்டு பூட்டிய சமையலறை ஒன்று, பார்க்க. அதற்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற நாலடிச் சந்தில் இன்னொரு அடுப்பு, சமைக்க! பொரியல் வறுவல் எல்லாம் அந்தச் சந்தில்தான் என்று வீட்டு அம்மாளே சொன்னார். அங்கே கூண்டு கிடையாது. ஒரு கம்பி ஜன்னல் மட்டும். பெரும்பாலும் அங்கே நிற்பதும் அந்த அம்மாள் அல்ல, காலையில் இரண்டு பஸ் மாறி வருகிற சமையற்காரப் பெண். அவளுடைய நெஞ்சுக்குள் போகிற புகைக்கு அந்த வீட்டின் வரைபடத்தில் இடமில்லை.

வாடகைக் குடித்தனங்களின் கதை இன்னும் மோசம். கொரட்டூரிலும் கரையான்சாவடியிலும் ஒரு மாடிப் படிக்கட்டின் கீழே மேடை கட்டி, “இதுதான் கிச்சன்” என்று வாடகைக்கு விடுகிறவர்களைப் பார்க்கலாம். சுவரில் ஓட்டை போட்டுக்கொள்ளட்டுமா என்று குடியிருப்பவர் கேட்டால், “சுவரிலே கை வைக்காதீங்க” என்கிறார் சொந்தக்காரர். ஆணி அடித்ததற்கே முன்பணத்தில் பிடித்தம் செய்கிறவர் ஆயிற்றே! 2006-க்குப் பிறகு நம் மாநிலத்தில் இலவசமாகக் கேஸ் அடுப்புக் கொடுத்தார்கள். 2016-ல் மத்திய சர்க்கார் உஜ்வலா திட்டம் கொண்டுவந்தது. அடுப்பும் உருளையும் வந்து சேர்ந்த பல இடங்களில் ஜன்னல் வந்து சேரவில்லை.

வீடு கட்டி விற்கிற கம்பெனிக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய தர்மம் ஒன்றுமில்லை. கார் நிற்பதற்கு வரைபடத்தில் கட்டம் போடுகிறீர்கள். குளிர்சாதனக் குழாய்க்கு முன்கூட்டியே ஓட்டை விடுகிறீர்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கும் மின்சார இன்வெர்ட்டருக்கும் இடம் ஒதுக்குகிறீர்கள். சமையலறையை ஒரு வெளிச்சுவரை ஒட்டிப் போட்டு, அடுப்புக்கு நேர் மேலே ஆறங்குல ஓட்டை ஒன்றை, கல் அடுக்கும்போதே கொத்தனாரிடம் சொல்லி விடுங்கள். செலவு, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. பதில் காற்று வர எதிர்ச் சுவரில், தாழ ஒரு சிறிய ஜன்னல். வாங்குகிறவர்களும் தரையோட்டின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஓட்டை எங்கே என்று கேளுங்கள். ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்று சொன்னால், தூணும் உத்தரமும் எங்கே வருகின்றன என்று அதற்கு மேலே ஒரு கேள்வி கேளுங்கள்.

புகைக்கூண்டு வாங்கப் போகிறீர்களா? விற்பனைக்காரப் பையன் கண்ணாடிக்கு எதிரே கையை ஆட்டிக் காட்டுவான். காட்டட்டும். நீங்கள் போகும்போதே ஒரு சின்ன வாணலியும் நாலு காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு போங்கள். அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லி, முன்பக்கத்து அடுப்பில் வறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி தும்முகிறாரா என்று மட்டும் பாருங்கள்.